மரக்காணத்தின் மூன்று சுழி ‘ண’

வடிவமைப்புக் கல்வி தமிழ் எழுத்திலிருந்து தொடங்கட்டும்!

‘மரக்காணம்’ என்ற கடலோர ஊரின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆறே எழுத்து. இரண்டாவதாக வரும் ‘ர’வுக்கும், நான்காவதான ‘கா’வில் ஒட்டி நிற்கும் துணைக்காலுக்கும் என்ன வேறுபாடு? அடியில் சாய்ந்து இறங்கும் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். ஊர்ப்பெயர்ப் பலகையில் பெயிண்ட் உதிர்ந்தோ, சட்டத்துக்குள் மறைந்தோ அந்தக் கோடு காணாமல் போனால் ஊர் ‘மாக்காணம்’ ஆகிவிடும். மூன்றாம் எழுத்துக்கும் ஆறாம் எழுத்துக்கும் தலையில் புள்ளி இருக்கிறது. அதற்கு மேலே இடம் விட வேண்டும். ஐந்தாவது, மூன்று சுழி ‘ண’. எழுத்தைத் தடிமனாக்கும்போது சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டால், அது ‘ண’வா ‘ன’வா என்று பேருந்தில் போகிறவருக்குத் தெரியாது. இதே பெயரை ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் எழுதினால், பத்தும் ஒரே உயரத்தில், மேலும் கீழும் எதுவும் நீட்டாமல் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். பலகை ஒன்றுதான். அதில் இரண்டு எழுத்துகளும் கேட்கும் இடமும் கவனமும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதுதான் எழுத்துருவியல் கல்வி. தமிழ்நாட்டில் கலைக்கல்லூரிகளும், மாணவர்கள் செல்லமாக ‘விஸ்காம்’ என்று அழைக்கும் காட்சித் தொடர்பியல் துறைகளும் நிறைய இருக்கின்றன. ஆண்டுதோறும் கிராஃபிக் டிசைன் படித்த இளைஞர்கள் அவற்றிலிருந்து வெளியே வருகிறார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் புத்தகங்களும் கலைச்சொற்களும் பெரும்பாலும் லத்தீன் எழுத்துக்காக எழுதப்பட்டவை. செரிஃப், சான்ஸ் செரிஃப், கேப்பிட்டல், இட்டாலிக் என்று தொடங்கும் பாடத்தில் இவற்றில் எதுவும் தமிழ் எழுத்தின் இயல்பில் இல்லை என்ற எளிய உண்மைக்கு இடம் கிடைப்பது அரிது. முதலில் லத்தீன், நேரம் இருந்தால் தமிழ் என்ற இந்த வரிசை தலைகீழாக வேண்டும். தமிழ்நாட்டு வடிவமைப்பு மாணவரின் முதல் பாடம் தமிழ் எழுத்தாக இருக்க வேண்டும். லத்தீன் இரண்டாவதாக வரட்டும். இதை மொழிப்பற்றின் பெயரால் கேட்கவில்லை. தொழில் நேர்த்தி, பொதுமக்கள் பாதுகாப்பு, மாணவரின் பிழைப்பு மூன்றுமே இதைக் கேட்கின்றன.

கடற்கரையே பாடநூல்

மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வழியாகப் புதுச்சேரி வரை நீளும் இந்தக் கரைக்கும் அதன் உள்நாட்டுக்கும் இணையான எழுத்துப் பாடநூலை எந்தப் பதிப்பகமும் தர முடியாது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து ஜம்பையில் 1981-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டில், பிராமி வளைந்து வட்டெழுத்தாக மாறும் கட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். மரக்காணத்திலேயே பூமீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்று ஊருக்குச் சோறு போடும் உப்பளங்கள் அந்தக் கல்லிலும் ‘அளம்’ என்ற சொல்லாக இடம்பெற்றிருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரமாண்டு எழுத்து மாற்றத்தை அந்தப் பழைய மாவட்டத்துக்குள்ளேயே பேருந்தில் பார்த்து வந்துவிடலாம்.

மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலத்துச் சிறிய குடைவரை. அதன் ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும், எதிர்ப்பக்கச் சுவரில் நாகரி எழுத்திலும் ஒரே வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரே செய்தியை இரண்டு எழுத்துகளில், எது எதற்கும் அடிமையாகாமல் எப்படி அமைப்பது? இன்றைய பெயர்ப்பலகைக்காரரும் செல்போன் செயலியை வடிவமைப்பவரும் தினமும் முட்டிக்கொள்ளும் கேள்வி இது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையின் கல்தச்சர்கள் அதற்கு ஒரு விடை சொல்லியிருக்கிறார்கள்: ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிச் சுவர், அதனதன் இயல்பு. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அவர்கள் வெட்டவில்லை.

அச்சு வந்த வரலாற்றின் பெரும்பகுதியும் இந்தக் கரையை ஒட்டியே நடந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. பிறகு பாதிரியார் சீகன்பால்க் காலத்தில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருக்கும் காகிதம் போதாது. எனவே பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளைக்கூட உருக்கிப் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1761-இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள் அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் பெப்ரிசியஸ் கைக்கு வந்தது. எழுத்தின் அளவைக் காகிதத்தின் இருப்பு தீர்மானிக்கும், எழுத்தின் தடிப்பை உலோகம் தீர்மானிக்கும் என்ற முதல் பாடம் நம் மண்ணிலேயே பட்டுத் தெரிந்தது. அதற்கு ஒரு மாணவர் ஐரோப்பிய வரலாற்றை மட்டுமே எடுத்துக்காட்டாகப் படிக்க வேண்டியதில்லை.

ஓலையும் கல்லும் சொல்லித்தரும் இன்னொரு பாடம், எழுத்தின் வடிவம் மாறக்கூடியது என்பது. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடிகளில் அது பெரும்பாலும் விடப்பட்டது, கல்வெட்டுகளிலும் அரிது. ‘ர’வும் துணைக்காலும் ஒரே மாதிரி எழுதப்பட்டன. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால் அறியப்படுகிறது. 1935-இல் பெரியார் குடி அரசு இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் ஒரு பகுதி, 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணையானது. ணை, லை, றா, னோ போன்ற 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. மரக்காணத்து ‘ர’வுக்கு இன்றிருக்கும் சிறு கோடுகூட, படிப்பவர் தடுமாறக் கூடாது என்ற அக்கறையில் பிறந்து நிலைத்ததுதான். இதைப் புரிந்துகொண்ட மாணவர், எழுத்துரு என்பதைக் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் பொருளாக நினைக்க மாட்டார். யாரோ ஒருவர் ஒரு தேவைக்காக எடுத்த முடிவு என்று பார்ப்பார்.

தொடக்கப்பள்ளியில் இருக்கும் சொல், கல்லூரியில் ஏன் இல்லை?

தமிழில் எழுத்துருவியலுக்குக் கலைச்சொற்கள் இல்லை, அதனால் ஆங்கிலத்தில்தான் கற்பிக்க முடியும் என்பார்கள். முதல் வகுப்பு ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’, ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால், மேல்விலங்கு, கீழ்விலங்கு, புள்ளி என்று எழுத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்லித்தான் அவர் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறார். இவை துல்லியமான வடிவமைப்புச் சொற்கள். ஐந்து வயதில் நாக்கிலும் விரலிலும் ஏறிய இந்தச் சொற்களை, பதினெட்டு வயதில் கலைக்கல்லூரி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறோம். அங்கே மாணவருக்குக் கிடைக்கும் சொற்களோ அவருடைய மொழியின் எழுத்துக்குப் பொருந்துவதில்லை. எக்ஸ் என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தை அளவாக வைத்துக்கொண்டு, சிறிய எழுத்து பெரிய எழுத்து என்ற பிரிவே இல்லாத தமிழை எப்படி அளப்பது?

வடிவமைப்பின் அடிப்படைகள் எல்லா எழுத்துக்கும் பொதுதானே, லத்தீனில் கற்று தமிழில் செயல்படுத்திக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயமான ஆட்சேபணை. சமநிலை, இடைவெளி, முதன்மை, முரண் ஆகியவை பொதுவானவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை ஒரு எழுத்துக்குள் இறங்கும்போது வேறாகின்றன. ‘உப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நடுவில் புள்ளி மேலே எழும்புகிறது. கடைசியில் ‘பு’வின் கோடு கீழே இறங்குகிறது. மூன்றெழுத்துச் சொல்லுக்குள் தமிழின் முழு உயரமும் அடங்கிவிட்டது. ஆங்கில வரிக்கு அளவெடுத்த இடைவெளியில் இந்தச் சொல்லை இரண்டு வரிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால், மேல்வரியின் கால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். இடிக்காமலிருக்க எழுத்தைச் சுருக்கினால், ஆங்கிலம் பெரியதாகவும் தமிழ் பொடியாகவும் தெரியும். நம் இருமொழிப் பலகைகளிலும் பொட்டலங்களிலும் தமிழ் எப்போதும் மூச்சு முட்டி நிற்பதுபோலத் தோன்றுவதற்கு இந்தக் கணக்குத் தவறும் ஒரு காரணம்.

சொல்லின் நீளமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஆறெழுத்தில் முடியும் ‘சப்மிட்’, தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று ஒன்பதெழுத்தாகிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பொத்தானில் அது பாதியில் வெட்டுப்படும். விகுதிகள் ஒட்டி ஒட்டி நீளும் சொற்களை இருபக்கமும் சீராக அடுக்கினால், பத்தி நடுவே வெள்ளை ஓடைகள் திறந்துகொள்ளும். அழுத்தம் கொடுக்க ஆங்கிலம் சாய்வெழுத்தைத் தேடுகிறது. தமிழோ ‘அவனே வந்தான்’, ‘அவன்தான் வந்தான்’ என்று இலக்கணத்திலேயே அழுத்திவிடுகிறது. எதை எழுத்துரு செய்ய வேண்டும், எதை மொழியே செய்துவிடும் என்பதைத் தமிழ் வாக்கியத்தை அமைத்துப் பார்க்காமல் கற்க முடியாது. லத்தீனில் நீச்சல் கற்றவர் தமிழில் மிதக்கலாம். கரை சேர இந்தத் தண்ணீரின் இழுப்பு தெரிய வேண்டும்.

சட்டம் அளவைச் சொல்கிறது, தெளிவைச் சொல்லவில்லை

கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ள விதி. நல்ல நோக்கம். ஆனால் அது எழுத்தின் பரப்பைத்தான் அளக்கிறது. ஐந்து பங்கு இடம் பெற்ற தமிழ் எழுத்தை அகலவாக்கில் இழுத்துச் சப்பையாக்கியும், சுழிகளை அடைத்தும், புள்ளியை நிழலுக்குள் புதைத்தும் எழுதினால் விதி மீறப்படவில்லை, படிக்கத்தான் முடியாது. சட்டம் இடத்தை வாங்கித் தரலாம். அந்த இடத்தை எப்படி நிரப்புவது என்று கற்றுக்கொடுப்பது கல்லூரியின் வேலை.

பொட்டலங்களில் சட்டமே இன்னும் பாதி வழியில் நிற்கிறது. எடை, விலை, தயாரிப்பு விவரங்களைத் தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்டால் போதும். கூடுதலாக வேறு மொழியும் போடலாம் என்பதே 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின் நிலை. உணவுப் பொட்டலங்களுக்கான விதிகளும் இதையே சொல்கின்றன. இதன் பொருளை மரக்காணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மழை விட்டதும் பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, கண்ணைக் கூசும் வெயிலில் நின்று உப்பு வாருகிறார்கள் தொழிலாளர்கள். உப்பு அயோடின் சேர்க்கப்பட்டு, உறையிலிடப்பட்டுக் கடைக்கு வரும்போது, அயோடின் கலந்ததா, எத்தனை கிராம், என்ன விலை என்பதை அவர்கள் தங்கள் மொழியில் படிக்க முடியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. தமிழைச் சேர்க்க விரும்பும் நிறுவனத்துக்கும், சிறிய உறையில் இரண்டு மொழிகளைத் தெளிவாக அடக்கத் தெரிந்த வடிவமைப்பாளர் வேண்டும். அப்படிப்பட்டவரைப் பயிற்றுவிப்பது பொதுநலத் தொண்டு.

புயல் பருவத்தில் இது உயிர்ப் பிரச்சினை. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயலும் இதே பகுதியைப் புரட்டிப் போட்டது. துறைமுகங்களில் ஏற்றப்படும் எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டு, எழுத்தறியாதவருக்கும் தூரத்திலிருந்தே செய்தி சொல்ல எப்போதோ உருவான அருமையான காட்சி வடிவமைப்பு. அதன் இன்றைய தொடர்ச்சி கைப்பேசிக் குறுஞ்செய்தியும், பாதுகாப்பு மையத்தின் வழிகாட்டிப் பலகையும்தான். மழையில், இரவில், டார்ச் வெளிச்சத்தில் ‘ர’வின் கால் தெரிகிறதா என்பது அழகியல் கேள்வியாக இருக்க முடியாது.

வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது, அலட்சியப்படுத்தக் கூடாது. பெரிய நிறுவனங்கள் ஆங்கிலத்தில்தான் இயங்குகின்றன, தமிழ் எழுத்தைக் கற்ற பிள்ளை எங்கே போய் வேலை தேடும்? உண்மையில், தமிழ் எழுத்துக்கு வேலை இருக்கிறது. அதைப் பெரும்பாலும் நம் கலைக்கல்லூரிகளுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் செய்து முடித்தார்கள் என்பதுதான் நடந்தது. 1991-இல் யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் கணினிகளில் நீண்டகாலம் நாம் படித்த ‘லதா’ எழுத்துரு, மும்பையைச் சேர்ந்த பேராசிரியர் ஆர்.கே. ஜோஷியின் வழிகாட்டலில் உருவானது. ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘இணைமதி’யைத் தந்தவர் மலேசியத் தமிழரான கணினிப் பொறியாளர் முத்து நெடுமாறன். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் ‘பவனம்’, ‘கவிவனார்’ ஆகியவை இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் படைப்புகள். தமிழையும் லத்தீனையும் ஒன்றாக யோசித்து உருவாக்கிய ‘கேட்டமரன்’ (கட்டுமரம்) என்ற பெயர் கொண்ட எழுத்துரு பிரியா ரவிச்சந்திரனுடையது. உலகம் தமிழ் எழுத்துக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. நம் மாணவர்கள் அந்தக் கதவைத் தட்டப் பழக வேண்டும்.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடும், செயற்கை நுண்ணறிவு எழுத்தையே வரைந்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபணை. கருவி வளர வளர, அதைச் சரிபார்க்கும் கண் இன்னும் கூர்மையாக வேண்டும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும் ஃபிளெக்ஸ் பலகைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். மென்பொருள் அமைப்பை மாற்றத் தெரியாததும், தவறு கண்ணில் படாததும்தான் காரணம். யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டு எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வேறு கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவற்றில் தேடவும் முடியாது. படம் வரையும் செயற்கை நுண்ணறிவின் தமிழில், இல்லாத எழுத்தெல்லாம் முளைக்கிறது. தவறைத் தவறென்று சொல்ல மூன்று சுழியை எண்ணத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கல்லூரி எதற்கு, சுவரெழுத்துக் கலைஞர்கள் பள்ளிக்கூடம் போயா கற்றார்கள் என்றும் கேட்கலாம். சரியான கேள்வி, அதன் விடை கல்லூரிக்குச் சாதகமானது. நூல் பிடித்துக் கோடு போட்டு, சாக்பீஸால் இடம் பிரித்து, பிரஷ்ஷின் ஒரே இழுப்பில் ‘ழ’வின் வளைவை முடிக்கும் போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகளின் அறிவு குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியாக வந்தது. டிஜிட்டல் ஃபிளெக்ஸ் வந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. கடைசித் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களை வருகைதரு ஆசிரியர்களாக அழைத்து, ஊதியம் கொடுத்து, வகுப்பில் நிறுத்துவது இன்று செய்தால் முடியும். இன்னும் இருபது ஆண்டு கழித்து முடியாது.

ஒரு கிலோ உப்பு உறை

நமக்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை ஓவியங்களில் எழுத்தையும் சாதகக் கட்டத்தையும் கணிதக் குறிகளையும் படமாக்கினார். 1966-இல் இதே கடற்கரையில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினார். அந்தக் கல்லூரியில் பயின்ற ஓவியர் ஆதிமூலம், நூல் அட்டைகளுக்கும் சிறுபத்திரிகைகளுக்கும் எழுதித் தந்த எழுத்து வடிவங்கள் தமிழ் வாசகரின் கண்ணையே மாற்றின. எழுத்தை ஓவியமாகப் பார்க்கும் மரபு நம்மிடம் இருக்கிறது. அது சில மேதைகளின் தனித்திறமையாக நின்றுவிட்டது. எல்லா மாணவருக்கும் உரிய பாடமாக அதை ஆக்குவதே மிச்சமிருக்கும் வேலை.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. முதல் பருவத்தில் கணினியே வேண்டாம்: எழுத்தாணி, மூங்கில் பேனா, பிரஷ், கல்வெட்டுப் படி எடுக்கும் தாளும் மையும் போதும். ஒரே ‘ண’வை மூன்று கருவிகளில் எழுதினால், கருவி மாறும்போது சுழி எப்படி மாறுகிறது என்று கை புரிந்துகொள்ளும். இரண்டாம் பருவத்தில் கடற்கரைப் பயணம்: சாளுவன்குப்பம், பூமீஸ்வரர் கோயில், திருநாதர்குன்று. பிறகு எழுத்துருவாக்க மென்பொருள், யூனிகோடு, அதோடு லத்தீனும். தமிழில் கண் தெளிந்தவருக்கு லத்தீனின் நுட்பங்கள் சீக்கிரம் பிடிபடும். தன் எழுத்தை அறிந்தவர் பிறர் எழுத்தையும் மதிக்கத் தெரிந்தவர்.

இறுதித் தேர்வாக ஒரு கிலோ உப்புக்கான உறையைக் கொடுக்கலாம். தமிழும் ஆங்கிலமும் இருக்க வேண்டும், விதி கேட்கும் விவரங்கள் எல்லாம் இருக்க வேண்டும், இரண்டு வண்ணத்துக்குமேல் கூடாது, மலிவான பிளாஸ்டிக்கில் அச்சானாலும் சுழி அடைபடக் கூடாது. மதிப்பெண் போடுகிறவர்களில் பேராசிரியர் ஒருவராக இருக்கட்டும். மற்றவர் மரக்காணத்துப் பாத்தியில் உப்பு வாருகிற, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தொழிலாளியாக இருக்கட்டும். அந்த உறையைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்து, எடையையும் விலையையும் ஊர்ப்பெயரையும் அவர் தடுமாறாமல் படித்துவிட்டால், மாணவர் தேறிவிட்டார். ‘மாக்காணம்’ என்று படித்தால், அடுத்த பருவம் ‘ர’வின் காலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.